ஆங்கிலத்தில் தன்மை இறந்தகாலச் சார்பு வாக்கியம்

ஆங்கிலத்தில் தன்மை இறந்தகாலச் சார்பு வாக்கியம் என்பது, பேசுபவர் தம்மையே எழுவாயாகக் கொண்டு, நடந்து முடிந்த ஒன்றைத் தெரிவிப்பதும், தனித்து நில்லாமல் ஒரு முதன்மை வாக்கியத்தைச் சார்ந்து நிற்பதுமான வாக்கியப் பகுதியாகும். "வென் ஐ வாஸ் எ சைல்ட், வீ லிவ்ட் இன் அரூர்" (நான் குழந்தையாக இருந்தபோது நாங்கள் அரூரில் வசித்தோம்) என்பதில் "வென் ஐ வாஸ் எ சைல்ட்" என்னும் முற்பகுதி சார்பு வாக்கியம். பிற்பகுதி முதன்மை வாக்கியம். இவ்விரண்டும் சேர்ந்து கலவை வாக்கியம் ஆகிறது.

நினைவுகளைச் சொல்லுதல், புகார் எழுதுதல், சாட்சியம் அளித்தல், நேர்காணலில் தன்னைப் பற்றிக் கூறுதல் ஆகிய எல்லாவற்றிலும் ஆங்கிலம் பேசுவோர் இவ்வமைப்பையே பெரிதும் கையாளுகின்றனர். தமிழ் இதே கருத்துகளை வேறு வழியில், பெரும்பாலும் எச்சங்களைக் கொண்டு உணர்த்துகிறது. இதனால் தமிழ்வழியில் பயின்ற மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் கடினமான பகுதிகளுள் ஒன்றாக இது இருந்துவருகிறது. தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் பேசப்படும் தருமபுரி மாவட்டம் இவ்வேறுபாட்டை விளக்க நல்ல களமாகும். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் முதல் இக்கால நீதிமன்ற வழக்குகள் வரை அதற்கான சான்றுகள் அப்பகுதியில் உள்ளன.

அமைப்பு

ஆங்கிலச் சார்பு வாக்கியத்தில் பொதுவாக மூன்று உறுப்புகள் இருக்கும்.

1. இணைக்கும் சொல்: வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ், பிகாஸ், தோ, இஃப், தட் முதலியன.
2. எழுவாய்: தன்மை ஒருமையில் "ஐ", பன்மையில் "வீ".
3. காலம் காட்டும் வினைமுற்று: வாஸ், வென்ட், சா, ஹேட் கான் முதலியன.

ஆங்கில இறந்தகால வினை, இடத்தைக் (தன்மை, முன்னிலை, படர்க்கை) காட்டுவதில்லை. "வென்ட்" என்னும் சொல் போனேன், போனாய், போனான், போனார்கள் என எல்லாவற்றுக்கும் பொதுவானது. "வாஸ்", "வேர்" என இரு வடிவம் பெறும் ஒரு வினை மட்டுமே விலக்கு. ஆகவே "ஐ" என்னும் எழுவாயை விட்டுவிட்டால் செய்தவர் யார் என்பது தெரியாது. தமிழிலோ "போனேன்" என்னும் வினைமுற்றின் ஏன் விகுதியே தன்மை ஒருமையைக் காட்டிவிடுகிறது. "நேற்று அரூருக்குப் போனேன்" என்று சொல்ல "நான்" தேவையில்லை.

சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இடுவது வழக்கம். பின்னால் வந்தால் பெரும்பாலும் இடுவதில்லை. பொருள் மாறாவிட்டாலும் அழுத்தம் சற்று மாறும். முன்னால் வரும்போது அது பின்னணியைச் சொல்லிக் கதையைத் தொடங்கும். பின்னால் வரும்போது கூடுதல் செய்தியாக அமையும்.

தமிழ் அமைப்பும் தருமபுரி நடுகற்களும்

தமிழில் "நான் வந்தபோது" என்னும் தொடரில் "வந்த" என்பது இறந்தகாலப் பெயரெச்சம். அது காலத்தைக் காட்டும், இடத்தைக் காட்டாது. நான் வந்தபோது, நீ வந்தபோது, அவர்கள் வந்தபோது என எழுவாய் மாறினாலும் "வந்த" மாறுவதில்லை. அதாவது முதன்மை வாக்கியத்தில் வினையே காட்டிய தன்மை, எச்சத்துக்குள் வந்ததும் மறைந்துவிடுகிறது.

இந்த அமைப்பு மிகப் பழையது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று, திருக்கோவிலூர் அருகேயுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்டது. அவன் கொடுத்த குகைப்பள்ளியை அது "ஈத்த பாளி" என்று குறிக்கிறது. "ஈத்த" என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ஆங்கிலத்தில் இதையே சொல்ல "த கேவ் தட் அதியமான் கேவ்" என ஒரு முழுச் சார்பு வாக்கியம் தேவைப்படும்.

தருமபுரி, செங்கம் பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட வாசகங்களும் இவ்வகையினவே. ஆநிரை கவரப்பட்டபோது போரிட்டு இறந்த வீரர்களுக்காக நடப்பட்ட கற்கள் இவற்றுள் பல. "தொறுக்கொண்ட ஞான்று" என்னும் தொடர்வகை இவற்றில் காணப்படுகிறது. தொறு என்பது மாட்டு மந்தை; ஞான்று என்பது பொழுது. இன்றைய தமிழில் "மந்தையைக் கவர்ந்தபோது" என்று பொருள். பெயரெச்சத்தை அடுத்துக் காலப்பெயர் நிற்கும் இதே அமைப்புதான் இன்று "வந்தபோது" எனவும், பேச்சில் "வந்தப்ப" எனவும் வழங்குகிறது. நடுகல் வாசகங்களை முடிக்கும் "பட்டான்" (இறந்தான்) என்னும் வினைமுற்றில்தான் ஆண்பாலும் ஒருமையும் படர்க்கையும் வெளிப்படுகின்றன.

அண்டை மொழிகளிலும் இதே நிலைதான். கன்னடத்தில் "நானு பந்தாக", தெலுங்கில் "நேனு வச்சினப்புடு" என்பன "நான் வந்தபோது" என்பதற்கு உருவிலும் நெருக்கமானவை. திராவிட மொழிகளில் ஆங்கிலத்தின் "ஹூ", "விச்" போன்ற இணைப்புப் பெயர்கள் இயல்பாக இல்லை என்பதையும், அவற்றின் பணியைப் பெயரெச்சங்களே செய்கின்றன என்பதையும் ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் விளக்கியுள்ளார். எனவே தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றுள் எதைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரும் ஆங்கிலச் சார்பு வாக்கியத்தில் ஏறத்தாழ ஒரே வகைத் தடையைச் சந்திக்கின்றனர்.

வகைகள்

காலம் உணர்த்துவன

"வென்" என்பது இரு செயல்களைக் காலத்தால் இணைக்கிறது. அவற்றுள் எது முன், எது பின் என்பதை வினைவடிவமே தீர்மானிக்கிறது.

- "வென் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் லெஃப்ட்": நான் நிறுத்தத்தை அடைந்தேன், அப்போது பேருந்து கிளம்பியது. பேருந்தைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பு உண்டு.
- "வென் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் ஹேட் லெஃப்ட்": நான் அடைவதற்கு முன்பே பேருந்து போய்விட்டிருந்தது.

"ஹேட்" என்னும் ஒரு சொல்லால் நிகழ்ச்சியே மாறிவிடுகிறது. "ஆஃப்டர்", "பிஃபோர்" ஆகிய சொற்கள் முன்பின் வரிசையைத் தாமே காட்டுவதால், அவற்றுடன் "ஹேட்" சேர்ப்பது பெரும்பாலும் கட்டாயமன்று. "ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட்", "ஆஃப்டர் ஐ ஹேட் ஃபினிஷ்ட்" இரண்டும் வழக்கில் உள்ளன.

"வைல் ஐ வாஸ் வாக்கிங்" என்பது நடந்துகொண்டிருந்தபோது என ஒரு தொடர்செயலைக் காட்டும். அதன் நடுவே நிகழ்ந்த குறுஞ்செயல் முதன்மை வாக்கியத்தில் வரும். "சின்ஸ்" என்பது தொடக்கப் புள்ளியைக் குறிக்கும். "ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் ஐ வாஸ் டென்" (எனக்குப் பத்து வயதாக இருந்ததிலிருந்து அவரைத் தெரியும்) என்பதில் சார்பு வாக்கியம் இறந்தகாலத்தில் இருக்க, முதன்மை வாக்கியம் இன்றுவரை தொடர்வதைக் காட்டும் வடிவில் உள்ளது.

இந்த எடுத்துக்காட்டில் வேறொன்றும் கவனிக்கத்தக்கது. தமிழில் வயது, பசி, காய்ச்சல், தெரிதல், பிடித்தல் முதலியன "எனக்கு" என நான்காம் வேற்றுமையில் வரும். ஆங்கிலம் அவற்றுள் பெரும்பாலானவற்றை "ஐ" என்னும் எழுவாயில் தொடங்கும். "எனக்குப் பசித்தபோது" என்பது "வென் ஐ வாஸ் ஹங்ரி" ஆகும்.

பெயராக நிற்பன

சொல்லுதல், எண்ணுதல், அறிதல் முதலிய வினைகளுக்குச் செயப்படுபொருளாக நிற்பவை இவை. "ஐ தாட் தட் ஐ வாஸ் லேட்" (நான் தாமதமாகிவிட்டேன் என்று நினைத்தேன்) என்பதில் "தட்" என்பதைப் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவர்.

இங்கே கால இயைபு என்னும் விதி செயல்படுகிறது. முதன்மை வினை இறந்தகாலமாயின் சார்பு வினையும் இறந்தகாலத்துக்கு நகரும். "எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன்" என்னும் தமிழ்த் தொடரில் உள்ளே உள்ள வாக்கியம் பேசிய நேரத்து நிகழ்கால நிலையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது "ஐ செட் தட் ஐ வாஸ் அன்வெல்" என்றாகும். இன்றும் உண்மையாக உள்ள செய்தியாயின் நிகழ்காலத்தை வைத்துக்கொள்ளலாம்: "ஐ டோல்ட் ஹர் தட் ஐ லிவ் இன் பென்னாகரம்".

மறைமுக வினாவில் சொல்வரிசை வினாவுக்குரியதாக மாறாது. "நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்பதன் இறந்தகால ஆங்கில வடிவம் "ஐ டிட் நாட் நோ வேர் ஐ வாஸ்". "வேர் வாஸ் ஐ" என்பது நேர்வினாவில் மட்டும் வரும்.

பெயரை விளக்குவன

"த ஹவுஸ் தட் ஐ பில்ட்" (நான் கட்டிய வீடு) என்பதில் சார்பு வாக்கியம் பெயருக்குப் பின்னால் வருகிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். செயப்படுபொருளைக் குறிக்கும் "தட்" மறைந்து "த ஹவுஸ் ஐ பில்ட்" என வருவது மிக இயல்பு. இப்படி மறைந்த இடத்தில் வாக்கியம் எங்கே பிரிகிறது என்று காண்பது, படிக்கும் மாணவருக்குக் கடினமாக இருக்கலாம். பெயரை அடுத்து உடனே "ஐ" வந்தால் அங்கே ஒரு சார்பு வாக்கியம் தொடங்குகிறதா என்று பார்ப்பது உதவும்.

நிபந்தனை உணர்த்துவன

வடிவில் இறந்தகாலமாக இருந்தும் பொருளில் இறந்தகாலமல்லாதவை இவ்வகையில் உண்டு. "இஃப் ஐ வேர் எ டாக்டர்" (நான் மருத்துவராக இருந்தால்) என்பது இப்போது உண்மையல்லாத ஒன்றைக் கற்பனை செய்கிறது. தன்மை ஒருமைக்கு "வாஸ்" வர வேண்டிய இடத்தில் "வேர்" வருவது இங்கே காணும் சிறப்பு. பேச்சில் "இஃப் ஐ வாஸ்" என்றும் வழங்குவர். எழுத்தில் "வேர்" செம்மையானதாகக் கருதப்படுகிறது. உண்மையில் கடந்துபோன வாய்ப்பைச் சொல்ல "இஃப் ஐ ஹேட் நோன்" (எனக்குத் தெரிந்திருந்தால்) என்னும் வடிவம் உண்டு.

பேச்சில் பயன்பாடு

ஆங்கிலம் பேசுவோர் இறந்தகாலத்தைப் பணிவுக்காகவும் பயன்படுத்துகின்றனர். "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் லீவ் எர்லி" என்பது சொல்லுக்குச் சொல் "நான் முன்னதாகப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றாலும், உண்மையில் இப்போது அனுமதி கேட்கும் கூற்றே ஆகும். கோரிக்கையை இறந்தகாலத்துக்குத் தள்ளுவதால் அதன் வற்புறுத்தல் குறைகிறது. தமிழில் "போகலாமுங்களா" என மரியாதை விகுதி செய்யும் பணியின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் வினையின் காலம் செய்கிறது.

"ஆஸ் ஐ வாஸ் சேயிங்" (நான் சொல்லிக்கொண்டிருந்தபடி) என்பது தடைபட்ட பேச்சை மீண்டும் தொடங்க உதவும். "வென் ஐ வாஸ் யுவர் ஏஜ்" (உன் வயதில் நான் இருந்தபோது) என்பது பெரியவர்கள் அறிவுரையைத் தொடங்கும் தொடர்.

"நான்" என்பது யார்?

பிறர் கூற்றைத் தெரிவிக்கும்போது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே முக்கியமான வேறுபாடு தோன்றுகிறது. "அவர் நான் தவறு செய்தேன் என்று சொன்னார்" என்னும் தமிழ் வாக்கியத்துக்கு இரு பொருள் கொள்ளலாம்.

- அவர் தம் தவற்றைத் தாமே ஒப்புக்கொண்டார். "நான்" என்பது அவர்.
- அவர் இதைச் சொல்பவர் மீது குற்றம் சாட்டினார். "நான்" என்பது சொல்பவர்.

தமிழில் "என்று" என்பது பிறர் சொன்ன சொற்களை அப்படியே ஏற்கும். எனவே உள்ளே நிற்கும் "நான்" யாரைக் குறிக்கிறது என்பதைச் சூழலும் குரலுமே தெளிவாக்குகின்றன. "தான் தவறு செய்ததாகச் சொன்னார்", "நான் தவறு செய்ததாகச் சொன்னார்" எனப் பிரித்துச் சொன்னால் ஐயம் நீங்கும்.

ஆங்கிலத்தில், மேற்கோள் குறி இல்லாத சார்பு வாக்கியத்தில் வரும் "ஐ" எப்போதும் இப்போது பேசுபவரையே குறிக்கும். "ஹி செட் தட் ஐ வாஸ் ராங்" என்றால் தவறு சொல்பவருடையது. அவருடைய தவறு என்றால் "ஹி செட் தட் ஹி வாஸ் ராங்" என்றே வர வேண்டும். தமிழின் "நான்" என்பதைச் சிந்திக்காமல் "ஐ" ஆக்கினால், ஒருவரது ஒப்புதல் மற்றவர் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடும்.

பன்மையிலும் இதுபோன்ற இழப்பு உண்டு. கேட்பவரை உள்ளடக்கும் "நாம்", கேட்பவரை விலக்கும் "நாங்கள்" ஆகிய இரண்டுக்கும் ஆங்கிலத்தில் "வீ" ஒன்றே உள்ளது.

நீதிமன்றச் சாட்சியங்களில்

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியங்கள் தமிழில் பதிவாகின்றன. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம். ஆகவே மேல்முறையீட்டுக்குச் செல்லும் வழக்கில் தமிழ்ச் சாட்சியம் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட வேண்டியதாகிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியத்தைப் பொதுவாக வினாவிடையாக அன்றி, தொடர்ந்த கூற்றாகப் பதிவுசெய்யச் சொன்னது. இவ்வாறு எழுதப்படும் கூற்றில், "நான் வந்தபோது", "நான் பார்த்தபோது" எனத் தன்மை இறந்தகால எச்சத் தொடர்கள் வருவது இயல்பு.

"நான் சந்தைக்குப் போனபோது அவரைப் பார்த்தேன்" என ஒரு சாட்சி கூறுவதாகக் கொள்வோம். பார்த்தது வழியிலா, சந்தையிலா என்பதைத் தமிழ்த் தொடர் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. "வைல் ஐ வாஸ் கோயிங் டு த மார்க்கெட்" என்றால் வழியில் பார்த்ததாகும். "வென் ஐ வாஸ் அட் த மார்க்கெட்" என்றால் சந்தையில் பார்த்ததாகும். மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். குறுக்கு விசாரணையில் இடமும் நேரமும் முக்கியமானவை என்பதால், தவறான தேர்வு உண்மை பேசிய சாட்சியையும் முரண்படுபவராகக் காட்டக்கூடும். ஐயமுள்ள இடத்தில் சாட்சியிடமே கேட்டுத் தெளிவுபடுத்திப் பதிவுசெய்வது நல்லது.

தன்மைக் கூற்றின் மதிப்பை உணர்த்தும் வழக்கு தருமபுரி மாவட்டத்திலேயே உண்டு. அரூர் வட்டத்தைச் சேர்ந்த வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்கள் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் நுழைந்து வன்முறையில் ஈடுபட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். உயர் நீதிமன்ற ஆணையின்படி மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே இறந்துவிட, மீதமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளை 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோரின் சாட்சியங்கள் நம்பத்தக்கவை என ஏற்றது. நிகழ்வுக்கும் உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள் கடந்தன. இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொன்ன சொற்கள், சொன்ன பொருளிலேயே மற்றொரு மொழியைச் சென்றடைய வேண்டியிருக்கிறது. இலக்கண நுட்பம் நீதியோடு தொடர்புறும் இடம் இதுவாகும்.

தமிழ் மாணவர்களிடம் காணப்படும் பிழைகள்

- "ஐ டோல்ட் தட் ஐ ஆம் நாட் வெல்": "டோல்ட்" என்பதற்குப் பின் கேட்டவர் யார் என்று வர வேண்டும், "ஆம்" என்பது "வாஸ்" ஆக வேண்டும். "ஐ டோல்ட் ஹிம் தட் ஐ வாஸ் நாட் வெல்" என்பது சரி.
- "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு சேலம்": "நேற்றுச் சேலம் போயிருந்தேன்" என்பதன் நேர்ப்பெயர்ப்பு. பின்னர் நிகழ்ந்த வேறொரு இறந்தகாலச் செயல் சுட்டப்படாதபோது "வென்ட்" போதும்.
- "தோ ஐ வாஸ் டயர்ட், பட் ஐ வென்ட்": "தோ", "பட்" இரண்டில் ஒன்றே போதும்.
- "ஆஃப்டர் ஐ கேம் ஒன்லி ஹி லெஃப்ட்": "நான் வந்த பிறகுதான்" என்பதில் உள்ள தான் இடைச்சொல்லின் பெயர்ப்பு. "ஹி லெஃப்ட் ஒன்லி ஆஃப்டர் ஐ கேம்" என "ஒன்லி" முன்னால் வர வேண்டும்.
- "வாக்கிங் ஆன் த ரோட், எ டாக் பிட் மீ": நாய் நடந்துகொண்டிருந்ததாகப் பொருள்படும். "வைல் ஐ வாஸ் வாக்கிங்" என எழுவாயுடன் எழுதினால் பிழை நீங்கும். தமிழிலும் செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் பொதுவாக முதன்மை வினையின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும். இவ்விதியைத் தொல்காப்பியம் வினையியலில் கூறுகிறது. எனவே இந்த ஆங்கில விதி தமிழ் மாணவருக்கு முற்றிலும் புதியதன்று.

இவற்றுட் பல, தாய்மொழியின் ஒழுங்கான விதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்வதால் நேர்பவை. ஆகவே தமிழ் வாக்கியத்தை எழுதும்போதே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது பயன் தரும்: செயலைச் செய்தவர் யார்? எந்தச் செயல் முன் நிகழ்ந்தது? அது முடிந்ததா, நடந்துகொண்டிருந்ததா? தமிழ் எச்சம் சொல்லாமல் விடக்கூடிய இம்மூன்றையும் ஆங்கிலச் சார்பு வாக்கியம் பெரும்பாலும் வெளிப்படையாகக் கேட்கிறது.